செவ்வாயின் வெள்ளமும் ஒரு வாழைமரமும்

காட்டுத்தீப் புகைமூட்டம் ஒருவழியாகக் கலைந்து, இன்று விடியற்காலையில் நல்ல மழை. கதவைத் திறந்ததும் ஈரமணல் வாசம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்புவதற்கென்று தெருவோரம் கொட்டி வைத்திருந்த மணலில் பாதி என் வீட்டு முன்தரையில் பரவிக் கிடந்தது. அவரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லுக்குப் பின்னாலும் மணல் ஒரு வாலைப்போல நீண்டு கூர்ந்து முடிந்திருந்தது. கல்லின் முன்புறம் துடைத்து எடுத்ததுபோல் வெறுமையாக இருந்தது. வால்கள் எல்லாம் ஒரே திசையில், தெருக் கால்வாயைப் பார்த்துக் கிடந்தன.

வீட்டு வேலைக்கு வரும் லெட்சுமி ரப்பர் குழாயோடு வந்தாள்.

“கழுவி விட்டுடவா அம்மா?”

“வேண்டாம். தொடாதே.”

“மணல்ம்மா அது.”

“மணல் என்பது எனக்கும் தெரியும்.”

“அப்புறம் பூனை வந்து அதுல அசிங்கம் பண்ணும். என்னைச் சொல்லக் கூடாது லா.”

பூனை வருவதற்குள் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுதவேண்டியது மாலினியைப் பற்றி. ஆனால் உன்னோடு எதைப் பேச ஆரம்பித்தாலும் செவ்வாயைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும். எனக்கு அது பழகிப்போனதுதான்.

உன் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. கான்வென்டில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலேயே அது எனக்குத் தெரியும். நீயேதான் சொன்னாய், சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதைப்போல. செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினவன் நிலைக்க மாட்டான் என்று உன் வீட்டிலும் நம்பினார்கள், என் வீட்டிலும் நம்பினார்கள். உன் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த ரயில்வே குமாஸ்தா. சாம்பாரில் தொடங்கி சாமி கும்பிடுவது வரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வீடுகள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன் படிப்பை மெச்சினார்கள், உன் கையெழுத்தை மெச்சினார்கள். ஜாதகத்தை விரித்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். கடைசியில் உன் அப்பா ஒரு பரிகாரம் கொண்டுவந்தார். உன்னை முதலில் ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவைப்பது. தாலி கட்டிய கையோடு மரத்தை வெட்டிச் சாய்ப்பது. தோஷம் மரத்தோடு போய்விடும். பிறகு நீ எந்த மனிதனையும் கட்டிக்கொள்ளலாம்.

“மரத்துக்குப் பெண்டாட்டியாகி, மரம் விழுந்ததும் விதவையாகி, அப்புறம் மனுஷனுக்கா? போங்கப்பா” என்றாய். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம் என்று உன் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். காலப்போக்கில் வரன்கள் வருவதும் நின்றது. படித்த பள்ளிக்கே நாம் ஆசிரியைகளாகத் திரும்பினோம். உனக்குப் புவியியல், எனக்கு ஆங்கிலம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. உனக்கு ஆகவில்லை. அதைப் பற்றி நீ முறையிட்டு நான் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும், ஆசிரியர் அறையில் நான் கட்டுரைப் பயிற்சிகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தபோது, “என் ஜாதகத்துல குந்திக்கிட்டு இருக்கிறவர் எப்படித்தான் இருக்கார்னு ஒரு தடவை பார்த்துடணும் மகாராணி” என்றாய். நான் திருத்த உட்கார்ந்தால் என்னை நீ அப்படித்தான் கூப்பிடுவாய்.

பார்த்துவிட்டாய். எழுபத்தாறில் செவ்வாயைச் சுற்றிவந்த விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பத்திரிகையில் கண்டதும் உனக்குத் தூக்கம் போய்விட்டது. அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டாய், பதில் வரவில்லை, மறுபடியும் எழுதினாய். கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. மேலே ‘மடிக்காதே’ என்று பெரிய ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தபால்காரர் அதை அழகாக மடித்துத்தான் பெட்டிக்குள் திணித்திருந்தார். அதற்கு நீ கோபப்படக்கூட மறந்து, பள்ளி முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பினாய்.

“இது என்ன, சொல்லு?”

“ஆறு.”

“தப்பு. ஆத்துக்குக் கிளை வேணும்லா. சின்னச் சின்ன ஓடையா வந்து சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமா பெருசாகணும். இதைப் பாரு. பிறக்கும்போதே முழு அகலத்தோட பிறந்திருக்கு.”

நீ விரல் வைத்த இடத்தில், அந்தக் கால்வாயின் தலைப்பில், தரை இடிந்து விழுந்து பாறைகள் குப்பையாய்க் குவிந்திருந்தன. ஊரையே யாரோ கீழேயிருந்து உருவிவிட்டதுபோல. நிலத்துக்கு அடியில் தண்ணீர் அடைபட்டுக் கிடந்தது, மேலே உறைந்த மண் மூடிபோல இறுகியிருந்தது, ஒரு நாள் மூடி உடைந்தது என்று நீ சொன்னாய். தண்ணீர் பீறிட்டு வெளியேறியதும் தாங்க ஒன்றுமில்லாமல் தரை சரிந்தது. அந்த வெள்ளம் பூமியில் உள்ள எந்த ஆற்றையும்விடப் பல மடங்கு பெரியது. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னால், சில நாளோ சில வாரமோ ஓடியது. பள்ளத்தாக்குகளை அறுத்தது, மலைகளைச் செதுக்கியது, வடக்கே தாழ்ந்த சமவெளியில் போய்ப் பரவியது. பிறகு உறைந்தோ ஆவியாகியோ மண்ணுக்குள் இறங்கியோ காணாமல் போயிற்று.

பிறகு தீவுகளைக் காட்டினாய். எங்கிருந்தோ வந்து விழுந்த கல் தோண்டிய வட்டப் பள்ளம். அதன் விளிம்பு மேடாக எழும்பி நிற்கிறது. வெள்ளம் அந்த மேட்டில் மோதி இரண்டாகப் பிரிந்து, வெகுதூரம் போய் மறுபடி சேர்ந்திருக்கிறது. இடையில் தப்பிய நிலம் கண்ணீர்த்துளி வடிவில் கூர்ந்து நீண்டு கிடந்தது. தபால்காரரின் மடிப்பு அதன் குறுக்கே ஓடியது.

“இந்த ஒரு தீவு நம்ம பினாங்கைவிடப் பெருசு” என்றாய்.

நான் சும்மா இருப்பேனா? “ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் வெள்ளம் வந்ததென்று எப்படிச் சொல்வாய்? காற்று செய்திருக்கலாம். எரிமலைக் குழம்பு செய்திருக்கலாம். சாட்சி வேண்டும்.”

“அதையேதான் அங்கயும் சண்டை போட்டுக்கிறாங்க” என்று சிரித்தாய். அமெரிக்காவின் வடமேற்கில் இதே வடிவங்கள் உண்டு, பனியுகத்தில் ஒரு பெரிய ஏரியை அடைத்திருந்த பனி அணை உடைந்ததால் வந்தவை, அதை முதலில் சொன்னவரைப் பல வருஷம் யாரும் நம்பவில்லை என்றாய். என் கணவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப செவ்வாய் டீச்சர், இவ்வளவு நாளும் நெருப்புக் கிரகம் எண்டு எங்களை ஏமாத்தினவையோ?” என்றார்.

“நெருப்பு இல்லண்ணே. தண்ணி!” என்று நீ மேசையைத் தட்டினாய். தேநீர்க் கோப்பை குலுங்கியது. உன் முகத்தில் அன்று இருந்த ஒளியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த பத்தொன்பது வயதில் உன்னைப் பிடித்துக்கொண்ட செவ்வாயின் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டாய், அவன் அவர்கள் சொன்ன ஆளே இல்லை.

மாலினி அப்போது உன்னோடு இருந்தாள். உன் அண்ணன் மகள். கடலுக்கு அக்கரையில் இருந்த சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வந்துபோவது கஷ்டம் என்று ஆயர் ஈத்தாமில் உன் வாடகை வீட்டில் தங்கியிருந்தாள். மாலைநேரக் கணக்கியல் வகுப்பில் ஒரு பையனோடு பழகினாள். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, அமைதியான பிள்ளை. விசாரித்தால் அவன் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா பரமேஸ்வரியின் மகன். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் வெளியே பெண் எடுக்க அப்போது எளிதில் இணங்காது. ஆனால் பரமேஸ்வரி அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளை விரும்புகிறான் என்றால் சரி என்றார். ஜாதகம் மட்டும் கேட்டார்.

மாலினிக்கும் செவ்வாய். உன் இடத்திலேயே.

“என் தலைமுறையோட போகட்டும்” என்று நீ என்னிடம் சொன்னாய். “இவளையும் அவங்க பாதிக் காப்பியில விட்டுட்டுப் போக விடமாட்டேன்.” உன் அண்ணனுக்கு உன் சொல்தான் சட்டம். எனவே பேசப் போகவேண்டியது நீயும், சொந்தக்காரி என்பதால் நானும்.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டுக்கு என் கணவர்தான் காரை ஓட்டினார். பின்னிருக்கையில் நீ அந்த உறையை மடிமேல் வைத்துக்கொண்டிருந்தாய். ஜாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை, கிரகத்தை மட்டும் காட்டப்போகிறேன், அது கல்லும் மண்ணும்தான் என்று கண்ணால் கண்டால் பயம் போய்விடும் என்றாய்.

“பரமேஸ்வரி அக்காவுக்குப் பயம் போறதோ?” என்றார் அவர். “தண்ணீர்மலை முருகனே பொம்பிளை கேட்டு வந்தாலும் சாதகம் கொண்டுவந்தீரோ எண்டு கேக்கிற ஆள்.”

பரமேஸ்வரி அக்கா எங்களைப் பயித்தம் பணியாரமும் தேநீரும் வைத்து நன்றாகவே வரவேற்றார். முப்பது வயதில் கணவனை இழந்து, தையல் வேலை செய்து ஒரே மகனை வளர்த்தவர். வெள்ளைப் புடவை, நிமிர்ந்த முதுகு. நீ படங்களை எடுத்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஆசைப்பட்டே பார்த்தார். கேலி செய்யவில்லை. உன் வகுப்பில் அப்படி ஒரு மாணவி கிடைத்தால் நீ கொண்டாடியிருப்பாய்.

“இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது டீச்சர்?”

“நிலத்துக்கு அடியில உறைஞ்சு கிடந்ததுங்க.”

“கனகாலம் கிடந்ததோ?”

“ரொம்ப ரொம்ப காலம்.”

“வெளியில பார்த்தால் தெரியாதோ?”

“தெரியாது. மேல சாதாரண தரைதான்.”

“பிறகு ஏன் வெடிச்சது?”

“உள்ளே சூடாகியிருக்கலாம். மேல கல் வந்து விழுந்திருக்கலாம். சரியா யாருக்கும் தெரியல.”

அவர் அந்த இடிந்த தரையின் படத்தை மறுபடி எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப, அவ்வளவு காலமும் பேசாமல் அடங்கிக் கிடந்து, ஒரு நாள் ஏனெண்டு தெரியாமல் வெடிச்சு, எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போச்சு. அப்படித்தானே டீச்சர்?”

“ஆமா” என்றாய் நீ, மகிழ்ச்சியோடு.

“எங்கட ஆக்களும் செவ்வாயைப் பற்றி அதைத்தானே சொல்லுகினம்.”

அவர் படத்தை மேசையில் மெதுவாக, கவிழ்த்து வைத்தார்.

“குறை நினையாதேங்கோ. நீங்கள் படிச்ச ஆள், பொய் சொல்லமாட்டீங்கள். தன்ர வீட்டையே இப்படி அடிச்சுக்கொண்டு போன கிரகத்தை என்ர வீட்டுக்குள்ள நான் எப்படி விடுறது? எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை.” பிறகு குரலை இறக்கினார். “ஒரு வழி இருக்கு. வாழைக்குக் கட்டி வெட்டிப்போட்டால் கழிஞ்சிடும் எண்டு ஐயர் சொல்லுறார். ஒரு மணித்தியால வேலை. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. பின்வளவில நல்ல வாழையொண்டு பார்த்தும் வைச்சிருக்கிறன்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம். கார் ஆயர் ஈத்தாம் சாலைக்குத் திரும்பும்போது நீ கேட்டாய். “நான் வேற என்னத்தைக் காட்டியிருக்க முடியும்? அங்க நடந்தது அதுதானே.”

அதைத்தான் நானும் இவ்வளவு வருஷமாக எண்ணிப் பார்க்கிறேன். கெட்டிக்காரி யாராவது செவ்வாயின் துருவத்துப் பனியைக் காட்டியிருப்பாள், அழகான எரிமலையைக் காட்டியிருப்பாள். உனக்குப் பிடித்ததை நீ காட்டினாய். பயப்படும் ஒரு தாயிடம் போய், உலகம் அறிந்ததிலேயே பெரிய வெள்ளங்களில் ஒன்றை விளக்கிச் சொல்லிவிட்டு, இப்போது பயம் போயிற்றா என்று கேட்க உன்னால்தான் முடியும்.

மாலினி கதவிலேயே காத்திருந்தாள். “என்ன அத்தை, பாஸா ஃபெயிலா?”

நீ வாழைமரத்தைச் சொன்னாய். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “வாழையா? குடிக்காது, சூதாடாது, எதிர்த்துப் பேசாது. நல்ல மாப்பிள்ளையாத்தான் இருக்கு.”

நீ சிரிக்கவில்லை. “நான் வேணாம்னு சொன்னதுக்கு நீ சரின்னா, நான் இத்தனை வருஷம் இருந்தது எதுக்குன்னு ஆயிடும்” என்றாய். சொன்ன மறுகணமே, “முடிவு உன்னுது” என்றும் சொன்னாய். ஆனால் முதலில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமா? அவள் சிரிப்பு அடங்கிற்று. அரிசி களையவேண்டும் என்று உள்ளே போனாள்.

சில நாள் கழித்து மாலினி என் வீட்டுக்கு வந்தாள். “வேண்டாம்னு சொல்லிடுங்க ஆன்ட்டி.” காரணம் சொல்லவில்லை. காரணம் நம் இருவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம். அடுத்த வருஷம் அந்தப் பையனுக்கு ஈப்போவில் பெண் எடுத்தார்கள். சொந்தம் என்பதால் நான் போய்த் தலையைக் காட்டினேன். நீ எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதற்குப் பிறகு நடந்தது. அந்த உறை உன் அலமாரியின் மேல் ஏறிற்று. மாணவிகள் கேட்டால் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி நிறுத்தினாய். பணி ஓய்வுக்குப் பிறகு மாலைகளில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் சேர்ந்து நடந்தோமே, மழைக்குப் பின் ஓடையோரம் உருண்டைக் கற்களுக்குப் பின்னால் மணல் படிந்திருக்கும், நீ அதைப் பார்க்காமல் குரங்குகளைப் பற்றிப் பேசுவாய். மாலினி வேலையில் உயர்ந்தாள், சிம்பாங் அம்பாட்டில் சொந்தமாக வீடு வாங்கினாள், தன் கீழ் வேலை செய்பவர்களை நடுங்க வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் தனியாக வந்து இறங்கும்போது உன் கண் அவளுக்குப் பின்னால் வாசலை ஒருமுறை பார்க்கும். நீ அறியாமல் பார்ப்பாய். நான் அறிந்து பார்த்திருக்கிறேன்.

என் கணவர் போனபோது நீ என் வீட்டில் வந்து தங்கினாய். இழவுக்கு வந்த பரமேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உமக்குச் செவ்வாயும் இல்லையே பிள்ளை, பிறகேன் இப்படி?” என்று உண்மையாகவே விளங்காமல் அழுதார். நீ தேநீர்த் தட்டோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாய். “கிரகம் இல்லாமலும் போயிடுறாங்க அக்கா” என்றாய். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கோப்பையை நீட்டினாய். அவர் அதை வாங்கிக்கொண்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அழாமல் இருந்த அந்த நாளில் அந்த ஒரு கணத்தில்தான் அழுதேன்.

போன தைப்பூசம் முடிந்து, நேர்த்திக்கடன் தேங்காய்கள் சாலையில் இன்னும் சிதறிக் கிடந்த வாரத்தில், மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தேன். கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கிற்று. ஆனாலும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு நீயாகவே செவ்வாயை எடுத்தாய். ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது, ஜூலையில் இறங்கும், இறங்கப்போகும் இடம் எது தெரியுமா என்றாய். அந்தப் பெரிய வெள்ளக் கால்வாய் ஒன்று சமவெளியில் திறக்கும் வாயில். வெள்ளம் எங்கெங்கிருந்தோ அள்ளிவந்த கற்களையெல்லாம் அங்கேதான் கொட்டியிருக்கும், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று அங்கே இறக்குகிறார்கள்.

“நீ கேட்ட சாட்சி வரப்போகுது மகாராணி. எனக்குத்தான் டிக்கெட் கிடைக்காது போல.”

“அபத்தமாகப் பேசாதே” என்றேன்.

பிறகு, “மாலினி எனக்காகத்தானே வேணாம்னா?” என்றாய்.

“அவளைக் கேட்டால்தானே தெரியும். நான் கேட்கிறேன்.”

“கேக்காதே.” என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் பிடியில் இன்னும் பலம் இருந்தது. “கேட்டா எனக்காக நல்லதா ஒரு பதில் சொல்லிடுவா. அதை நான் எப்படி நம்புறது? நீ சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். சொன்ன சொல் தவறுவது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் வாங்கினாய். அடுத்த சில வாரங்களில் மாலினி உன் கட்டிலருகே எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருந்தாள். உனக்குக் கஞ்சி ஊட்டினாள், உன் தலையை வாரினாள். நீ அவளைக் கேட்கவில்லை. நான் அவளைக் கேட்கவில்லை. பிறகு ஒரு விடியலில் கேட்க வேண்டியவள் இல்லாமல் போய்விட்டாய்.

ஜூலை வந்தது. விண்கலம் பத்திரமாக இறங்கிற்று. பொம்மைக் கார் அளவுக்கு ஒரு சிறு வண்டி அதிலிருந்து இறங்கி மண்ணில் ஊர்ந்தது. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாலினி பத்திரிகையோடு வந்தாள். நாங்கள் அதே சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பினோம். கண்ணுக்கெட்டிய தூரம் கற்கள். சில உருண்டு மழுங்கியவை, சில பலகைபோல் தட்டையானவை. தட்டையான கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பல ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன. வெள்ளம் எந்தப் பக்கமாகப் போயிற்று என்று அவை இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மனிதன் பிறக்காத காலத்தில் ஓடிய தண்ணீர். அதற்குப் பிறகு யாரும் வந்து அந்தக் கற்களை நேராக்கவில்லை.

“அத்தை சொன்னது சரிதான், இல்ல ஆன்ட்டி?”

“சரிதான்” என்றேன். “நான்தான் காற்று என்று வாதாடினேன்.”

அவள் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள், கன்னத்தில் உன் சாயல். பிறகு, நான் கேட்காமலே, தானாகவே சொன்னாள்.

“அந்தப் பழைய படங்களை அவங்கம்மாகிட்டக் காட்டிட்டு வந்தீங்களே, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அவர் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார் ஆன்ட்டி. எனக்கு அந்த வாழை விஷயம் ஒரு சிரிப்பாத்தான் இருந்துச்சு. அவர் ‘உனக்குச் சம்மதமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருப்பேன். அத்தை கோவிச்சுக்கிட்டாலும் சொல்லியிருப்பேன். அவர் கேக்கல. வாழைச் சடங்குக்கு ‘எந்த வெள்ளிக்கிழமை லீவு போடுவே?’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“எந்த வெள்ளிக்கிழமையும் லீவு இல்லன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.”

என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்தது. “இதை ஏன் உன் அத்தையிடம் சொல்லவில்லை?”

அவள் திகைத்துப் பார்த்தாள். “அத்தை கேக்கவே இல்லையே. அத்தைக்குத் தெரியும்னு நினைச்சேன். இப்படி முடியாதுன்னு சொல்றதெல்லாம் அத்தைகிட்டயிருந்துதானே கத்துக்கிட்டேன்.”

நீ என்னிடம் சத்தியம் வாங்கியதைச் சொன்னேன். கேட்டால் உனக்காகப் பொய் சொல்லிவிடுவாள் என்று நீ பயந்ததையும் சொன்னேன்.

“அத்தைகிட்டப் பொய் சொல்லி யாரு தப்பிச்சா?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் உடைந்து, பத்திரிகையின்மேல் கவிழ்ந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. கான்வென்டில் அதைச் சொல்லித்தரவில்லை. கையை வைத்தேன், அவ்வளவுதான். அவள் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

எனவே, இதோ பதில். நீ நம்பக்கூடிய பதில், ஏனென்றால் யாரும் கேட்டு வாங்கியது அல்ல. அவள் உனக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ யாருடைய வாழ்க்கையையும் அடித்துக்கொண்டு போகவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே பதினெட்டு வருஷம் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாய்.

நாம் மூன்று பேரும் நேர்மையானவர்கள். நீ சாட்சியைக் கெடுக்க விரும்பவில்லை, நான் வாக்கைக் கெடுக்க விரும்பவில்லை, அவள் உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததைச் சொல்லி உன்னைச் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. கொஞ்சம் நேர்மை குறைந்தவர்களாக இருந்திருந்தால் ஒரே ஒரு தேநீர் நேரத்தில் இது தீர்ந்திருக்கும்.

இப்போதும் பேருந்தில் போகும்போதோ, குருத்துவாரா முனையில் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கும்போதோ, மாலினி சொன்ன அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு எனக்குள் வரும். அவன் குரலில் கேள்வி ஒருமுறை, அவள் குரலில் பதில் ஒருமுறை. உன்னிடம் சொல்வதற்காக, ஒரு சொல்லும் பிசகாமல் அதை வைத்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், பிறகு மேசையைத் தட்டுவாய். அந்த இடம் வரும்போது தெருவில் நின்றபடியே நானும் கொஞ்சம் நிறுத்துகிறேன், நீ சிரித்து முடிக்கட்டும் என்று.